மார்கழிக் குளிரும் ஆளில்லாமல் ஓடும் காரும்

மோட்டார்: வாசகர் கேள்வி – பதில்

கார்த்திகை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். ஏசி குளிரவில்லை என்று எழுதியவர்கள், காலையில் வண்டியைச் சூடேற்றுவது எப்படி என்று எழுதத் தொடங்குவார்கள். இம்முறை வந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்ட கடிதங்கள், விடியற்காலையில் காரை ஸ்டார்ட் செய்து, அதை அப்படியே ஓடவிட்டுவிட்டு உள்ளே போய்விடும் பழக்கத்தைப் பற்றியவையாக இருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். டயரைப் பற்றியும் கிளட்சைப் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த பெட்ரோல் கார், வீட்டு முன்புறத்தில் கம்பிக் கதவு போட்ட ஷெட்டில் நிற்கிறது. மாதத்தில் இரண்டு முறை கோயிலுக்குப் போய்வருவதோடு சரி. தினமும் கால் மணி நேரம் ஓடவிட்டால்தான் எஞ்சினும் பேட்டரியும் கெடாமல் இருக்கும் என்று முன்பு எங்களிடம் இருந்த ஓட்டுநர் சொல்லிவிட்டுப் போனார். அதன்படி காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்துவிட்டு நான் குளிக்கப் போய்விடுவேன். சில நாள்களாக என் மனைவி காலையில் தலை கனக்கிறது என்கிறார். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: ஐயா, நாளைக் காலையில் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தொடர்பு இருக்கக்கூடும் என்பதே என் பதில். அந்தத் தலைவலிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இந்தக் காரணத்தை முதலில் விலக்கிவிட்டுத்தான் மற்றவற்றைத் தேட வேண்டும்.

பெட்ரோல் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் 'புகை நாற்றம்' என்று சொல்வது உடன் வரும் வேறு பொருள்களின் நாற்றமே. இந்த வாயு நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. நல்ல காற்றுக்கு வந்துவிட்டாலும், ஏறியதில் பாதி இறங்குவதற்கே நான்கைந்து மணி நேரம் ஆகும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 1,200 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்பாதுகாப்புத் துறையில் வரையறுத்திருக்கிறார்கள். 'என் கார் புதியது, புகைப் பரிசோதனையில் தேறியது' என்று நீங்கள் சொல்லலாம். சைலன்சர் குழாயில் இந்த வாயுவை மாற்றி வெளியேற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற உறுப்பு, ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வரை சூடேறிய பிறகுதான் தன் வேலையைத் தொடங்கும். அதற்கு முந்தைய நிமிடங்களில், எஞ்சினும் குளிர்ந்திருப்பதால் பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்சப்படுகிறது. எனவே வண்டி மிக அதிக நச்சைக் கக்குவது, நீங்கள் ஸ்டார்ட் செய்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் அந்த நேரத்தில்தான்.

உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆயினும் நம் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு தெரியும். திண்ணை, ரேழி, கூடம், கொல்லை என எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். வாசலில் எழும் எதுவும் கொல்லைவரை போகும். கோடையில் நமக்குச் சுகம் தரும் இந்த அமைப்பு, ஷெட்டில் கார் ஓடும்போது புகைபோக்கியாக மாறிவிடுகிறது. பனிக்கும் கொசுவுக்கும் அஞ்சி ஜன்னல்களைச் சாத்திவைத்திருப்போம். வெளியே எடுக்க எளிதாக இருக்கும் என்று காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்துபவர்கள் வீட்டில், சைலன்சரின் வாய் நிலைப்படியை நோக்கியே இருக்கும். கம்பிக் கதவு திறப்பாகத்தானே இருக்கிறது என்று எண்ண வேண்டாம். காற்று அசையாத விடியற்காலையில் ஒரு பக்கம் மட்டும் திறந்த ஷெட் போதாது. இந்த வாயு காற்றைப் போன்றே எடை உடையது. கீழே படிந்துவிடாமல் அறை முழுவதும் கலந்துவிடும்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை இதன் அறிகுறிகள். வீட்டில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் இப்படி இருந்து, வெளியே போனதும் குறைந்தால் ஐயம் வலுக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கி வைத்த ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து, 98 காட்டுகிறது என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. ஹீமோகுளோபினில் ஏறியிருப்பது ஆக்சிஜனா, இந்த நச்சா என்று அந்தச் சாதாரணக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. அப்படி யாருக்கேனும் மயக்கம் வந்தால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைத்து, கார்ப் புகை என்ற சந்தேகத்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பித்த மயக்கத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து தேடிக்கொண்டிருக்கக் கூடும்.

இனி எஞ்சின் விஷயம். அந்த ஓட்டுநரை நான் குறைசொல்ல மாட்டேன்; அவர் கற்றது அம்பாசடர் காலத்து வித்தை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்பரேட்டர் வைத்த வண்டிகளில் சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்து, எஞ்சின் தடுமாறாமல் நிற்கும்வரை காத்திருந்துதான் கிளம்ப வேண்டும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அந்த வண்டிகள் படிப்படியாக விடைபெற்றன. இப்போதைய காரில் எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைக் கணினியே கணக்கிட்டுப் பீய்ச்சுகிறது. மேலும், நம் ஊர்க் குளிர் எஞ்சினுக்குக் குளிரே அல்ல. மார்கழி விடியலில் தஞ்சை மாவட்டத்தில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். எஞ்சின் ஆயில் அந்தச் சூட்டில் தடையின்றி ஓடும். அரை நிமிடம் போதும். அதன் பிறகு முதல் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரை மென்மையாக மிதித்துப் போனால், எஞ்சினோடு கியர்பாக்ஸும் டயரும் சேர்ந்து சூடேறும். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறுகிறது. அதுவரை கூடுதலாகப் பீய்ச்சப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. எரிந்ததில் உண்டாகும் நீர் சைலன்சரில் தங்கித் துருவாகிறது. பேட்டரிக்கும் இதில் பெரிய நன்மை இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது இழந்ததை மீட்பதற்கே அந்தக் கால் மணி நேரத்தின் பெரும்பகுதி போய்விடும்.

நின்ற இடத்தில் ஓடும் சிறிய கார் மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் பெட்ரோலைக் குடிக்கும் என்று கொண்டால், தினம் கால் மணி நேரத்துக்கு மாதம் ஏறக்குறைய ஆறு லிட்டர் ஆகிறது. அந்தப் பெட்ரோலில் உங்கள் ஊரிலிருந்து கும்பகோணத்துக்கு மூன்று முறை போய்வந்துவிடலாம். அப்படியே செய்யுங்கள்: வாரம் ஒருமுறை அம்மாவையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் வரை ஓட்டிச் சென்று வாருங்கள். ஓட்ட ஆள் இல்லாத மாதங்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் விடியற்காலையில் காரைத் தெருவில் ஸ்டார்ட் செய்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார். அதன் பின்பக்கம் எங்கள் வாசலை ஒட்டி இருக்கிறது. மார்கழி மாதம் முழுவதும் நான் அங்கே உட்கார்ந்துதான் கோலம் போட வேண்டும். இதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா? அவரிடம் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: திறந்த தெருவில் நச்சுவாயுவால் உயிருக்கு ஆபத்து நேரும் என்று உங்களை அச்சுறுத்த மாட்டேன், ஷெட்டுக்கும் தெருவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் கோலம் போடுபவர் குனிந்து அமர்ந்திருக்கும்போது அவருடைய முகமும் சைலன்சரின் வாயும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. மாக்கோலம் நிறைய அரை மணி நேரம் ஆகும் நாளில், குளிர்ந்த எஞ்சினின் புகையை அவ்வளவு அருகில் இருந்து சுவாசிப்பது கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. ஆஸ்துமா இருப்பவர்கள் கண்டிப்பாக விலகி இருக்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. கியர் போட்டு ஓட்டும் காரை அணைத்துவிட்டு நிறுத்தும்போது, முதல் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டால் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்; இரண்டு காவல். ஓடவிட்டு இறங்கும்போதோ நியூட்ரலில் போட்டே ஆக வேண்டும். ஆகவே காவல் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. அந்த ஹேண்ட் பிரேக் ஒரு கம்பிவடத்தில் தொங்குவது. அது நாளடைவில் நீளும், தளரும். டெல்டா சமவெளிதானே, வண்டி எங்கே உருளும் என்று கேட்பவர்கள், வெள்ளத்துக்கு அஞ்சி நாம் உயர்த்திக் கட்டிய வீடுகளின் வாசல் சாய்தளங்களை ஒருமுறை பார்க்க வேண்டும். என் பட்டறைக்கு வந்த ஒரு கார், அப்படிப்பட்ட சாய்தளத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே ஏறிய குழந்தை ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டதால் தெருவைக் கடந்து எதிர்ப்புறச் சாக்கடையில் பின்சக்கரத்தை இறக்கி நின்றது. அந்த நேரத்தில் தெருவில் யாரும் கோலம் போட்டுக்கொண்டிருக்கவில்லை.

சொல்லும் முறையைக் கேட்கிறீர்கள். 'உங்கள் புகை' என்று தொடங்காதீர்கள். 'அண்ணா, வண்டியில் ஆள் இல்லாமல் ஓடுகிறதே, பின்னால் உட்காரப் பயமாக இருக்கிறது. கிளம்பும்போது ஸ்டார்ட் செய்துகொள்ளக் கூடாதா' என்று அவர் வீட்டம்மாவும் உடனிருக்கும்போது கேளுங்கள். முதல் பதிலை அவருக்கும் படிக்கக் கொடுக்கலாம். பெட்ரோல் கணக்கு பெரும்பாலானவர்களை இளக்கிவிடும்.

கேள்வி: வாடகைக் கார் ஓட்டுகிறேன். கடையிலோ வங்கியிலோ சிறு வேலை இருந்தால், ஏசி நின்றுவிடக் கூடாது என்பதற்காக எஞ்சினை ஓடவிட்டு இறங்குவேன். சில வாடிக்கையாளர்களும் தூங்கும் குழந்தையை உள்ளே விட்டு, 'ஏசியை அணைக்காதே தம்பி' என்று இறங்கிவிடுகிறார்கள். இது சட்டப்படி தவறு என்று நண்பர் சொல்கிறார். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்றும் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் நண்பர் முதல் செய்தியில் முழுவதும் சரி. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும், இல்லையேல் எஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டோ, ஆளில்லாதபோது தற்செயலாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்தோ வைத்திருக்க வேண்டும் என்கிறது. இதற்கெனத் தனித் தண்டனை வகுக்கப்படாததால் 177-ஆவது பிரிவு பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 500 ரூபாய் வரையிலும், அடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரையிலும் அபராதம். சிறிய தொகைதான். ஆனால் அந்த வண்டி உருண்டு யாரேனும் அடிபட்டால், வழக்கில் உங்கள் கவனக்குறைவுக்கு அந்தப் பிரிவே சான்றாக நிற்கும்.

இன்சூரன்ஸ் குறித்து அவர் சொன்னது பாதி உண்மை. வண்டியைப் பாதுகாக்க உரிமையாளர் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியிலேயே இருக்கிறது. திருட்டு என்று விண்ணப்பித்தவுடன் இரண்டு சாவிகளையும் கொண்டுவரச் சொல்வார்கள். ஒன்று வண்டியோடு போய்விட்டதென்றால் கேள்விகள் தொடங்கும். சாவி வண்டியிலேயே இருந்த நிலையில் திருடுபோன ஒரு லாரியின் வழக்கில், இழப்பீட்டை முழுவதுமாக மறுக்கக் கூடாது என்று கூறி, 75 விழுக்காடு தொகையை வழங்கும்படி உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. மிச்சத்தை அந்த உரிமையாளர் இழந்தார். கிடைத்ததற்கும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

குழந்தை விஷயத்தில் உங்கள் வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்காதீர்கள். ஏசியின் பாதுகாப்பு, எஞ்சின் ஓடும் வரைதான். பெட்ரோல் தீர்ந்தோ, எஞ்சின் சூடேறியோ, பிள்ளை விழித்துச் சாவியைத் திருகியோ அது நின்றுவிட்டால், வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறிவிடும். சித்திரை மாதத்துத் திருவாரூரில் அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. கதவு உள்பக்கம் பூட்டிக்கொண்டால் சாவியும் உள்ளே, குழந்தையும் உள்ளே. 'நான் வண்டியிலேயே இருக்கிறேன் சார், நீங்கள் போய்வாருங்கள்' என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வங்கி வேலை அப்புறம் ஆகட்டும்.

கேள்வி: 2021-இல் வாங்கிய டீசல் கார். டீசல் வண்டியைப் பத்து நிமிடமாவது சூடாக்கித்தான் எடுக்க வேண்டும் என்று தாத்தா சொல்கிறார். களத்து மேட்டில் நிறுத்தி ஓடவிட்டுவிட்டு வயலைப் பார்க்கப் போவது எங்கள் வழக்கம். சரிதானா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தாத்தாவின் டிராக்டருக்கும் உங்கள் காருக்கும் இடையே நிறைய மாறிவிட்டது. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் வடிவ ஹீட்டர் விளக்கு எரியும். சில விநாடிகளில் அது அணைந்த பின் ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கு ஆயில் ஏற அரை நிமிடம் கொடுங்கள், கிளம்புங்கள். உங்கள் வண்டி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் கீழ் வந்தது. அதன் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. நின்ற இடத்தில் ஓடினால் கரி சேரும். அதை எரித்துத் தள்ளும் அளவுக்குச் சூடு ஏறாது. அடைத்துக்கொண்டால் செலவு பெரிது.

களத்து மேடு என்று எழுதியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து எங்கு பார்த்தாலும் வைக்கோல் கிடக்கும்; சாலையிலும் பரப்பியிருப்பார்கள். நன்றாக ஓடி வந்த காரின் அடியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அந்த வடிகட்டியும் காய்ந்த தாளைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கக்கூடும். வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் உள்ளே 600 டிகிரி வரை போகும். வைக்கோல் மேல் வண்டியை நிறுத்துவதே தவறு. நிறுத்தி, ஓடவிட்டு, வரப்பில் இறங்கி நடந்துவிட்டால், புகை கிளம்புவதைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. கிளம்பும் முன் அடியில் குனிந்து, சுற்றியிருக்கும் வைக்கோலைப் பிடுங்கி எறியுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மகள், வீட்டுக்குள் இருந்தபடியே செல்போனால் காரை ஸ்டார்ட் செய்து சூடேற்றிவிட்டுத்தான் வெளியே வருகிறாள். எங்கள் புதிய ஆட்டோமேட்டிக் காரிலும் அந்த வசதி இருக்கிறது. பயன்படுத்தலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: உங்கள் மகள் இருக்கும் நாட்டில் குளிர்காலத்தில் சுழிக்குக் கீழே 20 டிகிரிவரை இறங்கும் ஊர்கள் உண்டு, கண்ணாடியில் உறைந்த பனி உருகாமல் வழியே தெரியாது. அங்கேயே பலர் எஞ்சினை ஓடவிடாமல், அதைச் சூடாக வைத்திருக்கும் மின்கருவியை இரவில் பிளக்கில் மாட்டிவைக்கிறார்கள். ஜெர்மனியிலோ தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிடுவதையே சாலை விதி தடுக்கிறது. மயிலாடுதுறையில் உங்களுக்கு அந்த வசதி பயன்படுவதெல்லாம், கோடையில் வெயிலில் நின்ற காரை ஏறுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு குளிர்விப்பதற்குத்தான். கார் திறந்த வெளியில், கியர் 'பி' (பார்க்கிங்) நிலையில், ஹேண்ட் பிரேக் இழுத்து, உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். ஷெட்டுக்குள் ஒருபோதும் வேண்டாம்.

பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாவி உங்கள் சட்டைப் பையில் வீட்டுக்குள் வந்துவிட்டாலும் பல கார்களில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சிறிது நேரம் கீச்சிடும், அவ்வளவுதான். இப்போதைய எஞ்சின்களின் சத்தமும் குறைவு. அமெரிக்காவில் இப்படி அணைக்க மறந்த கார்களின் புகை வீட்டுக்குள் பரவி, 2006 முதல் இரண்டு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததாக 2018-இல் அங்குள்ள நாளேடு ஒன்று தொகுத்து வெளியிட்டது. அவர்களில் முதியவர்கள் பலர். இறங்கும்போது டேஷ்போர்டு விளக்குகள் அணைந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

கேள்வி: ரயில்வே கேட்டில் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் செய்ய அதிக பெட்ரோல் செலவாகும் என்று ஓடவிட்டுவிட்டு இறங்கி டீ குடிக்கிறேன். தவறா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: நீடாமங்கலம் கேட்டில் டீ குடிக்காமல் இருப்பது கடினம் என்பதை நானும் அறிவேன். அணைத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். இன்றைய காரை மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல், அது நின்றபடி பத்து விநாடி ஓடக் குடிப்பதைவிட அதிகமில்லை. கேட் திறந்ததும் ஸ்டார்ட் ஆகாமல் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள் என்ற அச்சம் இருந்தால், கோளாறு பேட்டரியில் இருக்கிறது. அதை இந்த வாரமே சோதித்துவிடுங்கள்.